தேர்வுக் குளறுபடிகளில் கல்வி அமைச்சரின் பங்கு எதுவரை?

நாற்பதாம்பக்கம்:

2024 ஜூன் 19 முதல் 22 வரையிலான அந்த நான்கு நாட்களை ஒருமுறை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 19ஆம் தேதி இரவு, கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வான யுஜிசி-நெட் ரத்து. முந்தைய நாள்தான் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை எழுதி முடித்திருந்தார்கள். 21ஆம் தேதி, அறிவியல் பாடங்களுக்கான சிஎஸ்ஐஆர்-நெட் தள்ளிவைப்பு. 22ஆம் தேதி இரவு, விடிந்தால் எழுத வேண்டிய முதுநிலை நீட் தள்ளிவைப்பு. அதே 22ஆம் தேதி, நெட், இளநிலை நீட் தேர்வுகளை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் தலைமை இயக்குநர் நீக்கப்பட்டார், தேர்வு முறையைச் சீரமைக்க இஸ்ரோ முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில் ஏழு பேர் குழு அமைந்தது, இளநிலை நீட் வினாத்தாள் கசிவு விவகாரம் சிபிஐ கைக்குப் போனது.

கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் பதவி விலகணுமா வேண்டாமா என்று அப்போது ஆளாளுக்குச் சண்டை போட்டாயிற்று. அதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. என்னை உறுத்துவது வேறு. அந்த மாதத்தில் இரண்டு பெரிய முடிவுகள் எடுக்கப்பட்டன, இரண்டுக்கும் அளவுகோல் வேறு வேறாக இருந்தது.

நீட் விஷயத்தில் ஜூன் 13 அன்று அமைச்சர், வினாத்தாள் கசிந்ததற்கு ஆதாரம் இல்லை என்றார். மூன்று நாள் கழித்து, சில இடங்களில் முறைகேடு நடந்திருக்கிறது என்றார். 20ஆம் தேதி தார்மிகப் பொறுப்பு ஏற்பதாகச் சொன்னார். தேர்வு மட்டும் ரத்தாகவில்லை. யுஜிசி-நெட்டுக்கோ சைபர் குற்றத் தடுப்பு மையம் தந்த தகவலே போதுமானதாக இருந்தது, ஒரே நாளில் ரத்து. பிறகு சிபிஐ விசாரித்தபோது, தேர்வு தொடங்கிய பின் எடுத்த வினாத்தாள் படம் ஒன்றை முன்கூட்டியே வெளியானதுபோலத் திருத்தியிருந்தது தெரியவந்தது. ஆக, ஓரிடத்தில் ஆதாரம் வரும்வரை காத்திருந்தார்கள், இன்னோரிடத்தில் சந்தேகமே போதும் என்றார்கள். இரண்டும் அமைச்சகத்தின் வாயிலிருந்து வந்த முடிவுகள். பிழை என்று வரும்போது மட்டும் முகமை ஒரு தன்னாட்சி அமைப்பு ஆகிவிடுகிறது. இதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

நடுநிலைநாயகம்:

நல்ல கேள்வி, ஆனால் கொஞ்சம் நியாயமாகவும் பார்க்கலாம். தேர்வு முகமை பிரதான் உருவாக்கியதல்ல. அமைச்சரவை அதற்கு ஒப்புதல் தந்தது 2017 நவம்பரில், பிரகாஷ் ஜாவடேகர் காலத்தில். நீட்டை சிபிஎஸ்இயிடமிருந்து முகமை எடுத்துக்கொண்டது 2019இல். அதன்பின் ரமேஷ் பொக்ரியால். பிரதான் வந்தது 2021 ஜூலையில். வேறொருவர் கட்டிய அமைப்பை நடத்துகிற பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

அப்புறம், அவர் எதுவும் செய்யவில்லையா? தலைமை இயக்குநரை மாற்றினார். சிபிஐயிடம் கொடுத்தார். குழு போட்டார், அந்தக் குழு 101 பரிந்துரைகள் தந்தது. 2025 முதல் முகமை உயர்கல்வி நுழைவுத் தேர்வுகளை மட்டும் நடத்தும், வேலைவாய்ப்புத் தேர்வுகள் நடத்தாது என்று 2024 டிசம்பரில் அறிவித்தார். ஒரு அமைச்சரிடம் இதைவிட வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்? யுஜிசி-நெட்டை ரத்து செய்யாமல் விட்டு, அந்தப் படம் உண்மை என்று பின்னால் தெரிந்திருந்தால் இதே இழையில் அதற்கும் திட்டியிருப்பீர்கள்.

கீழத்தெரு:

1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்து. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர். அவர் ரயில் ஓட்டவில்லை, பாலத்தையும் அவர் கட்டவில்லை. விலகினார். அதற்குச் சில மாதங்கள் முன்பு மகபூப்நகர் விபத்தின்போதே கடிதம் கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு பிடிவாதமாகப் போய்விட்டார்.

இப்போது ‘தார்மிகப் பொறுப்பு ஏற்கிறேன்’ என்று மைக் முன்னால் சொல்லிவிட்டு மறுநாள் அதே நாற்காலியில் உட்காரலாம். அதற்கு என்ன விலை? வீட்டுக்காரர் வாடகையை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டு, கூரை ஒழுகினால் கொத்தனாரைக் கைகாட்டுகிற கதைதான் இது.

நடுநிலைநாயகம்:

சாஸ்திரி விலகியதற்குப் பிறகு ரயில்கள் தடம் புரளவே இல்லையா கீழத்தெரு? அவருடைய நேர்மைக்கு வணக்கம். தண்டவாளம் அதனால் சரியாகவில்லை. நாற்பதாம்பக்கம் ஆரம்பத்திலேயே விலகல் பேச்சு வேண்டாம் என்றார், நீங்கள் அங்கேயே போய் நிற்கிறீர்கள்.

பொருநைக்கரை:

என் மகள் 2024இல் நீட் எழுதினாள். அதனால் சட்டம், அரசியல் எல்லாம் தெரியாமல் ஒரு அம்மாவாகச் சொல்கிறேன்.

முடிவு ஜூன் 14 வரும் என்று காத்திருந்தோம். நாடே தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஜூன் 4 அன்று திடீரென்று வெளியிட்டார்கள். 67 பேர் 720க்கு 720. அதற்கு முந்தைய வருடங்களில் முழு மதிப்பெண் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைக்கூட விடுங்கள். சிலருக்கு 718, 719 என்று வந்திருந்தது. ஒரு கேள்வி விட்டால் 716, தப்பாக எழுதினால் 715. இடையில் 718 எப்படி வரும் என்று பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்குக் கணக்குத் தெரியும். கேட்ட பிறகுதான், நேரம் இழந்த 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்தோம் என்ற விளக்கம் வந்தது. முன்னாலேயே ஒரு வரி சொல்லியிருந்தால் என்ன?

அப்புறம் நீதிமன்றம் போன பிறகு அந்த மதிப்பெண்ணை எடுத்துவிட்டு மறுதேர்வு வைத்தார்கள், 813 பேர்தான் எழுதினார்கள். ஒரு இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடை சரி என்று சொன்னதும் மாறியது. கடைசியில் முழு மதிப்பெண் 17 பேர் என்று வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் தரவரிசை மாறும், ஒவ்வொரு தடவையும் நாங்கள் கட்ஆஃப் கணக்கை முதலிலிருந்து போடுவோம். கவுன்சலிங்குக்கு ஆயத்தம் ஆவதா, அடுத்த வருடத்துக்கு கோச்சிங் சேர்ப்பதா என்று தெரியாமல் இரண்டு மாதம் போனது. அந்த இரண்டு மாதத்தில் அமைச்சர் பேசியதெல்லாம் எதிர்க்கட்சிக்குத்தான். பிள்ளைகளிடம் நேராகப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சாக்பீஸ்:

அம்மா, உங்கள் பெண் நல்லபடியாகச் சேர்ந்திருப்பாள் என்று நம்புகிறேன்.

நான் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பொதுத்தேர்வுகளில் துறை அலுவலராகவும் முதன்மைக் கண்காணிப்பாளராகவும் பல வருடம் இருந்திருக்கிறேன். கசிவு என்றால் எல்லோரும் டெலிகிராம், ஹேக்கிங் என்று போகிறார்கள். வினாத்தாள் போகிற வழியைப் பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே இருக்கிறது.

நம் ஊர் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வில் வினாத்தாள் கட்டுக்காப்பு மையத்தில் போலீஸ் காவலோடு இருக்கும். அன்றன்று காலையில் வழித்தட அலுவலர் எடுத்துவந்து கொடுப்பார். கட்டு வந்த நேரம், முத்திரையின் நிலை, யார் கையிலிருந்து யார் கைக்கு என்று எல்லாவற்றுக்கும் கையெழுத்து. அறையில் உறையைப் பிரிக்கும்போது இரண்டு மாணவர்களிடம் கையெழுத்து வாங்குவோம், முத்திரை சிதையவில்லை என்பதற்கு. இது குற்றமே நடக்காத முறை இல்லை. 2022இல் பிளஸ் டூ திருப்புதல் தேர்வு வினாத்தாள் வெளியானதே. ஆனால் பிசகினால் எந்தக் கையில் பிசகியது என்று கண்டுபிடிக்கலாம், ஏனென்றால் அந்தக் கைகள் எல்லாம் அரசு ஊழியர்களின் கைகள். வேலை போகும், பென்ஷன் போகும் என்கிற பயம் உண்டு.

2024 நீட்டில் என்ன நடந்தது? வங்கிப் பெட்டகம் வரை சரி. அதன் பிறகு தனியார் கூரியர். ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில் பாதுகாப்பு அறையின் பின்கதவு திறக்கப்பட்டதையும், ஈ-ரிக்‌ஷாவில் வினாத்தாள் போனதையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறை சொல்கிறது. சில மையங்களில் ஒரு வங்கியிலிருந்து எடுக்க வேண்டியதற்குப் பதில் மாற்றுத்தொகுப்பு இருந்த இன்னொரு வங்கியிலிருந்து எடுத்துவந்து கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தவறைச் செய்த ஒரு ஊழியர் என்னிடம் வேலை பார்த்திருந்தால் அன்று மாலையே விளக்கக் கடிதம் வாங்கியிருப்பேன்.

4,750 மையங்கள், 23 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், ஒரே நாள், ஒரே நேரம். இவ்வளவு பெரிய வேலையைச் சொந்தமாகப் பெரிய ஊழியர் படை இல்லாத ஒரு முகமை குத்தகைக்கு விட்டுத்தான் செய்தாக வேண்டும். ‘இதற்கு ஆள் வேண்டும்’ என்று சொல்லி நிதி கேட்டுப் பணியிடம் உருவாக்குவது அமைச்சர் வேலை. முகமையின் இயக்குநர் கேட்டுக் கிடைக்கிற விஷயம் அல்ல.

வாய்தா:

சாக்பீஸ் ஐயா சொன்னதோடு சட்டப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

முதலில், முகமை என்பது நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்ததல்ல. 1860ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம். ஆனால் இதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், சிபிஎஸ்இயும் பதிவு பெற்ற சங்கம்தான். பெயர்ப்பலகையை மாற்றிச் சட்டபூர்வ அமைப்பு ஆக்கினால் கசிவு நின்றுவிடாது. யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் எழுத்தில் வரும்.

இரண்டாவது, பொதுத் தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டம் 2024. இதைக் கல்வி அமைச்சரின் சாதனையாகச் சிலர் எழுதுகிறார்கள். மசோதாவைக் கொண்டுவந்தது பணியாளர் நலத்துறை இணையமைச்சர் ஜிதேந்திர சிங். பிப்ரவரியில் இரு அவைகளிலும் நிறைவேறி, குடியரசுத் தலைவரும் ஒப்பமிட்டுவிட்டார். நடைமுறைக்கு வந்தது ஜூன் 21. நீட் நடந்தது மே 5. குற்றம் நடந்த அன்று இல்லாத தண்டனையைப் பின்னால் கொண்டுவந்து கொடுக்க அரசியலமைப்பின் 20(1) இடம் தராது. அதனால் ஹசாரிபாக் ஆட்களைப் பழைய பிரிவுகளில்தான் பிடிக்க முடிந்தது. நான்கு மாதம் அந்தச் சட்டம் அலமாரியில் தூங்கியது. ஏழு வாரம் முன்னால் எழுப்பியிருந்தால் கதை வேறு.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: முறைகேட்டுக்கு 3 முதல் 5 ஆண்டு சிறை, 10 லட்சம் வரை அபராதம். கும்பலாகச் செய்தால் 5 முதல் 10 ஆண்டு, அபராதம் ஒரு கோடிக்குக் குறையாது. தேர்வு நடத்தித் தரும் நிறுவனத்துக்கு ஒரு கோடி வரை அபராதம், நான்கு ஆண்டு தடை. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் அனுமதித்தால்தான். தேர்வு எழுதும் மாணவர்களை இந்தச் சட்டம் தண்டிக்காது, அது நல்ல விஷயம். ஆனால் கசிவால் இடத்தை இழந்த மாணவனுக்கு என்ன நிவாரணம் என்று தேடினால் ஒரு வரியும் இல்லை.

மூன்றாவது, என்னை இன்னும் விடாத ஒன்று. 2015இல் அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வில் கசிவால் பலன் பெற்றவர்களாக அடையாளம் காணப்பட்டது 44 பேர். உச்ச நீதிமன்றம் மொத்தத் தேர்வையும் ரத்து செய்தது, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருந்த அந்தத் தேர்வு மறுபடி நடந்தது. 2024இல் ஹசாரிபாக், பாட்னா இரண்டிலும் சேர்த்து குறைந்தது 155 பேர் பலன் பெற்றதாக நீதிமன்றமே பதிவு செய்தது. தேர்வு ரத்தாகவில்லை. கசிவு அமைப்பு முழுவதும் பரவியதற்குச் சான்று இல்லை, கறை படிந்தவர்களைப் பிரித்தெடுக்கலாம் என்பது காரணம். சென்னை ஐஐடியின் தரவு ஆய்வு அரசுக்குக் கை கொடுத்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் தனித்தனி நியாயம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘நீதிமன்றமே ரத்து செய்யவில்லை’ என்பதை அமைச்சருக்கு நற்சான்றிதழாகக் காட்டுவது சரியல்ல. மறுதேர்வு தேவையில்லை என்றார்கள், தேர்வு ஒழுங்காக நடந்தது என்று சொல்லவில்லை. முகமை முன்னுக்குப் பின் முரணாக நடந்துகொள்வதை நிறுத்த வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

நடுநிலைநாயகம்:

வாய்தா சார், சட்ட விளக்கத்துக்கு நன்றி. ஒன்று கேட்கிறேன். டெல்லி மட்டும்தான் அழுக்கா? 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்திய பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வில் ஓஎம்ஆர் விடைத்தாள் மதிப்பெண்ணையே மாற்றினார்கள், கிட்டத்தட்ட 200 பேருக்கு. தேர்வு ரத்து. 2019 குரூப் 4இல் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் வரிசையாக முதலிடங்களைப் பிடித்தார்கள். எழுதியது சில மணி நேரத்தில் மறைந்துபோகும் மையில் விடையைக் குறித்து, வழியில் வண்டியை நிறுத்தித் திருத்தினார்கள். 99 பேருக்கு ஆயுள் தடை. அப்போது எந்த மாநில அமைச்சர் விலகினார்? பொறுப்பு என்று வந்தால் எல்லோருக்கும் ஒரே அளவு வைத்துப் பேசுங்கள்.

கீழத்தெரு:

அதையும் கேட்கத்தான் வேண்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் குரூப் 4இல் திருட்டு நடந்தால் ஒரு மாநிலத்தின் பட்டியல் கெடும். நீட்டில் நடந்தால் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே பட்டியல். எல்லா முட்டையையும் ஒன்றாக வைத்தது யார் என்பதுதான் கேள்வி.

நாற்பதாம்பக்கம்:

கீழத்தெரு தொட்ட இடம் முக்கியமானது. கல்வி 1976இல் 42ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போனது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நுழைவாயில்கள் எல்லாம் டெல்லிக்கு நகர்ந்தன. தமிழ்நாடு 2006இல் நுழைவுத் தேர்வையே எடுத்த மாநிலம். நீட் விலக்கு மசோதா இரண்டு முறை போய் இரண்டு முறையும் திரும்பியது. அதன் சரி தவறுகளை இந்த இழையில் ஆரம்பித்தால் முடியாது. என் கவலை எல்லாம் தேர்வின் நம்பகத்தன்மை பற்றியது. ஒரே தாளில் இத்தனை பேரின் எதிர்காலம் இருந்தால் அந்தத் தாளின் கள்ளச்சந்தை விலை ஏறத்தான் செய்யும். எத்தனை பூட்டுப் போட்டாலும், பூட்டைத் திறக்கக் கொடுக்கப்படும் பணம் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், 2020 தேசியக் கல்விக் கொள்கை கோச்சிங் கலாசாரத்தைக் கண்டிக்கிறது. பொதுத்தேர்வுகள் மனப்பாடத்தைச் சோதிக்கக் கூடாது, ஒன்றுக்கு மேற்பட்ட வாய்ப்பு வேண்டும் என்கிறது. அதே கொள்கைதான் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் பொது நுழைவுத் தேர்வை முகமையிடம் கொடுக்கவும் சொல்கிறது. 2022இல் பிரதான் காலத்தில் க்யூட் என்ற பெயரில் அந்தத் தேர்வு வந்தது. முதல் வருடமே பல மையங்களில் தேர்வு ரத்து, தேதி மாற்றம். வரலாறோ இலக்கியமோ படிக்கப் போகிற பிள்ளைக்கும் இப்போது கோச்சிங் விளம்பரம் வருகிறது. முகமை கையில் ஏற்கெனவே இருந்த சுமை மீது இன்னும் பெரிய சுமையை ஏற்றியது அமைச்சகத்தின் முடிவு. நடுநிலை, இதை ஜாவடேகர் தலையில் போட முடியாது.

பைட்கடை:

கம்ப்யூட்டரில் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் 2021இல் கம்ப்யூட்டர் தேர்வுதான். அதில் தொலைவிலிருந்து திரையைப் பிடித்து விடை எழுதிக் கொடுத்தார்கள், சோனிபட் மையம் ஒன்று சிக்கியது, மென்பொருளை உடைத்ததாக ஒரு ரஷ்யர் 2022இல் கைதானார். அச்சகம், வாகனம், பெட்டகம் இவை போய்விடும், சரி. அதற்குப் பதில் தனியார் ஆய்வகங்களும் அங்குள்ள லேன் இணைப்பும் வரும். யார் சொந்தக்காரர், யார் வாடகைக்கு எடுத்தார், யார் சோதித்தார் என்ற அதே கேள்விகள்.

இன்னொன்று, 23 லட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. பல ஷிப்ட் வைத்தால் மதிப்பெண் சமன்செய்தல் வரும். பெர்சன்டைல் கணக்கைப் பொருநைக்கரை அக்கா மாதிரி பெற்றோர்களுக்கு யார் விளக்குவது? 718 எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கே பதில் தாமதமாகத்தான் கிடைத்தது.

ராதாகிருஷ்ணன் குழு டிஜிட்டல் பக்கம் சாய்கிறது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றக் கல்வி நிலைக்குழுவோ, யுபிஎஸ்சி, சிபிஎஸ்இ மாதிரி பேனா-தாள் முறைக்கே முன்னுரிமை கொடுங்கள் என்றது. 2024இல் முகமை நடத்திய 14 தேர்வுகளில் குறைந்தது ஐந்தில் பெரிய சிக்கல் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இரண்டில் எதை எடுப்பது? இதை முடிவு செய்யத்தானே ஒரு அமைச்சர்.

வாய்தா:

தம்பி, அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. இளநிலை நீட் என்பது தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் கீழ் வருவது. ஆணையம் சுகாதார அமைச்சகத்தின் கீழ். நடத்துகிற முகமை கல்வி அமைச்சகத்தின் கீழ். தாளா, கணினியா என்று கேட்டால் இரண்டு அமைச்சகங்களும் கலந்து பேசுகிறோம் என்று 2024 டிசம்பரில் சொன்னார்கள். பிறகு 2025க்கும் பழையபடி ஓஎம்ஆர்தான் என்று வந்தது. முதுநிலை நீட்டை முகமை நடத்துவதே இல்லை, அது சுகாதார அமைச்சகத்தின் தேசியத் தேர்வு வாரியம். முதல் பதிவில் அந்த நான்கு நாள் பட்டியலில் அதுவும் இருக்கிறது, அதற்குப் பிரதான் பொறுப்பல்ல. சுகாதார அமைச்சர் நட்டாவிடம்தான் கேட்க வேண்டும்.

நாற்பதாம்பக்கம்:

உண்மை சார். பயம் ஒரு அமைச்சகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவியது என்பதற்காகவே அதைச் சேர்த்தேன்.

இப்போது நடுநிலை கேட்ட ‘வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்’ என்பதற்கு வருகிறேன். இந்த அமைச்சகத்துக்கு அதிகாரம் இல்லை என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். தமிழ்நாட்டுக்கு 2024-25இல் வர வேண்டிய, பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாய் ஏன் நின்றது? பிஎம்ஸ்ரீ என்ற மத்திய மாதிரிப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றால்தான் பணம் என்று அமைச்சரே பேசினார். ஒரு மாநிலத்தின் பள்ளி ஆசிரியர் சம்பளம் வரை தொடுகிற ஒரு நிதியை நிறுத்தி வைக்கும் அளவுக்கு அந்த மேசைக்குப் பலம் இருக்கிறது. உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் யுஜிசி, ஏஐசிடிஇ, என்சிடிஇ மூன்றுக்கும் பதிலாக ஒரே அமைப்பு என்று விக்சித் பாரத் சிக்‌ஷா அதிஷ்டான் மசோதாவை 2025 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரும் வேகமும் இருக்கிறது.

அந்த வேகத்தில் கால் பங்கு தேர்வு முகமை பக்கம் திரும்பியிருந்தால் போதும். சங்கமாகவே இருக்கட்டும், வாய்தா சார் சொன்னபடி அதுவல்ல பிரச்சினை. எந்தக் கட்டத்தில் தேர்வை ரத்து செய்யலாம், யார் செய்யலாம், என்ன ஆதாரம் வேண்டும் என்று எழுதப்பட்ட விதி இருந்திருந்தால் யுஜிசி-நெட் அப்படி ஒரே இரவில் போயிருக்காது, நீட்டுக்கு ஜூன் 13இல் ஒன்று, 16இல் ஒன்று என்று பேச வேண்டியும் வந்திருக்காது. சீர்திருத்தத்தில் கொடியசைக்கும் இடமெல்லாம் அமைச்சருக்கு, தாள் போகும் பாதையெல்லாம் முகமைக்கு என்று பிரித்துக்கொண்டதுதான் கோளாறு.

நடுநிலைநாயகம்:

நிதி விவகாரத்தை இங்கே இழுப்பது எனக்கு ஒட்டவில்லை, அதற்கு வேறு வாதங்கள் உண்டு. ரத்து செய்வதற்கு எழுதப்பட்ட விதி வேண்டும் என்பதை மட்டும் ஏற்கிறேன். அமைச்சருக்கும் அது பாதுகாப்புதான்.

பொருநைக்கரை:

விண்ணப்பக் கட்டணம் 1,700 ரூபாய் கட்டினோம். அந்தப் பணத்துக்கு என்ன கணக்கு என்று யாராவது சொல்ல முடியுமா? ஆள் இல்லை, அதனால் கூரியர் என்று சாக்பீஸ் ஐயா சொல்வதைப் படித்ததும் கேட்கத் தோன்றியது.

பைட்கடை:

அக்கா, அது மாநிலங்களவையில் 2024 ஜூலையில் வந்த பதிலிலேயே இருக்கிறது. ஆறு வருடத்தில் தேர்வுக் கட்டணமாக வந்தது 3,512.98 கோடி. செலவு 3,064.77 கோடி. மீதி 448 கோடி. அந்த மீதியைக் கொண்டு சொந்தத் தேர்வு மையங்களோ கண்காணிப்போ உருவாக்குங்கள் என்றுதான் நிலைக்குழுவும் சொன்னது.

சாக்பீஸ்:

448 கோடி கையில் வைத்துக்கொண்டு ஈ-ரிக்‌ஷா!

பொருநைக்கரை:

எங்களை மாதிரி ஆட்கள் யாரிடம் கேட்பது? அமைச்சகத்துக்கு மின்னஞ்சல் போட்டால் முகமைக்கு அனுப்புகிறார்கள், முகமையில் பதிவு எண் வருகிறது, அதோடு சரி.

வாய்தா:

இரண்டு வழி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முகமையிடமே கேட்கலாம். கருத்து கேட்காமல் ஆவணம் கேளுங்கள்: குழுவின் இன்ன பரிந்துரை மீது எடுத்த நடவடிக்கையின் நகல் என்று. இன்னொன்று, உங்கள் தொகுதி எம்பி. எந்தக் கட்சியாக இருந்தாலும் பரவாயில்லை. கூட்டத்தொடருக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நட்சத்திரக் கேள்வியாக எடுக்கப்பட்டால் அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வியும் கேட்கலாம். ஒரு நாளைக்கு மக்களவையில் 20தான் அந்த வரிசையில் வரும், குலுக்கலில் விழ வேண்டும். நட்சத்திரமில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில், அதுவும் பயன்தான். பைட்கடை சொன்ன கட்டணக் கணக்கு அப்படி நாடாளுமன்றத்தில் கேட்டு வாங்கியதுதான்.

நாற்பதாம்பக்கம்:

வாசகம் ஒன்று எழுதிப் பார்க்கிறேன், திருத்துங்கள்.

‘(அ) ராதாகிருஷ்ணன் குழுவின் 101 பரிந்துரைகளில் எத்தனை முழுமையாக நடைமுறைக்கு வந்துள்ளன, (ஆ) வினாத்தாள் போக்குவரத்தில் தனியார் கூரியர் நிறுவனங்களை ஈடுபடுத்துவது நிறுத்தப்பட்டுள்ளதா, (இ) தேர்வு முகமையின் நிரந்தரப் பணியிடங்கள், அவற்றில் நிரப்பப்பட்டவை, ஆண்டுவாரியாக, (ஈ) ஒரு தேர்வை ரத்து செய்வதற்கு எழுத்துப்பூர்வ நெறிமுறை உள்ளதா?’

சாக்பீஸ்:

(ஆ)வில் ‘கூரியர்’ என்று மட்டும் போடாதீர்கள். பெயரை மாற்றி ‘தளவாடச் சேவை’ என்று எழுதி இல்லை என்பார்கள். ‘அரசு ஊழியர் அல்லாத எவரும்’ என்று எழுதுங்கள். அச்சகம் முதல் தேர்வறை வரை என்பதையும் சேருங்கள்.

வாய்தா:

(ஈ)யை இப்படியே விட்டால் ‘ஆம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். ‘ஆம் எனில் அதன் நகலும் 2024 ஜூன் 19 முடிவில் அது பின்பற்றப்பட்ட விவரமும், இல்லை எனில் அதற்கான காரணங்களும்’ என்று நீட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த உட்பிரிவுக்கு ‘இக்கேள்வி எழவில்லை’ என்று வரும். மொத்தம் 150 சொல்லுக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் செயலகத்திலேயே நின்றுவிடும்.

பொருநைக்கரை:

எங்கள் எம்பி அலுவலகத்தில் நான் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். திருத்திய வாசகத்தை இங்கேயே போடுங்கள், நடுநிலை சாரும் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும்.